கடைசிப் பெயரை வெட்டிய விசை

சுரக்குடி தேவிகாவிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அவளோ அதைப் பெருமையாக நினைத்திருந்தாள். தட்டச்சு செய்யும்போது திரையைப் பார்க்கவே மாட்டாள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் ஆனவள். தட்டச்சுப் பள்ளியில் கண் தாளைவிட்டு நகர்ந்தால் விரலில் ஸ்கேல் விழும். பத்து வருஷம் ஆகியும் கண் தாளில்தான்.

நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுச் சங்க அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தபோது, "வயக்காட்டுப் பொண்ணுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! ஒரு புத்தகத்தை வாங்கி, யார் துணையும் இல்லாமல் படித்து, எந்தப் படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று பட்டியல் அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றை எழுதிவிட்டாள். படகு எண் ஆங்கிலத்தில், ஆட்கள் பெயர் தமிழில். புரோகிராம் எழுதிய அதே எடிட்டர் மென்பொருளில்தான் பெயர்களையும் அடித்து வைப்பாள். ஒரு வருஷமாக ஒரு தப்பும் வந்ததில்லை.

2007 மே மாதக் கடைசி. நாற்பத்தைந்து நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மறுநாள் விடிகாலை படகுகள் கிளம்ப வேண்டும். காலையில் பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். பத்து நிமிஷத்தில் வாசலில் ஒரே ரகளை. முப்பத்தேழு படகிலும் சமையல்காரர் பெயர் மட்டும் இல்லை! பட்டியலில் பெயர் இல்லாதவரைக் கடலுக்கு விட மாட்டார்கள்.

சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பதில் படகுக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. முதலில் படகோட்டி, பிறகு என்ஜின்காரர், வலை ஆட்கள், எல்லோருக்கும் கடைசியில் சோறாக்குகிறவர்.

"சோறாக்கிப் போடுறவன்னா மனுஷன் இல்லையா?" சமையல்காரர் அரசப்பன் கத்தியது ஐஸ் பிளாண்ட் வரை கேட்டிருக்கும்.

"சீட்டுல உங்க பேரை எழுதியிருக்க மாட்டாங்கண்ணே" என்று தேவிகாவும் விடவில்லை. சீட்டைப் புரட்டினால், எல்லாப் பெயரும் இருந்தது. அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

சங்கச் செயலாளர் ஆனந்தராஜ் பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "அஞ்சு மணி வரைக்கும் பாக்குறேன். சரியா வரலைன்னா நானே கையால எழுதிடுறேன். அப்புறம் இனிமே நோட்டுதான். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் துணி போட்டு மூடிடும்மா."

மூடுவதாவது! ஆறு மாதம் கண் எரிய எழுதிய புரோகிராம். தேவிகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புரோகிராமை வரி வரியாகத் துருவினாள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. பெயர்கள் இருந்த கோப்பைத் திறந்தால், அதிலேயே சமையல்காரர்கள் இல்லை. ஒவ்வொரு படகின் கடைசியிலும் ஒரு வெற்று வரி.

"அடிச்சேன், சத்தியமா அடிச்சேன்" என்றாள்.

வாசலைவிட்டு நகராமல் நின்ற அரசப்பன் உள்ளே வந்தார். "அப்ப என் கண்ணு முன்னாடி எம்பேரை அடிம்மா, பாக்கலாம்."

அவருக்குப் படிப்பு அதிகமில்லை. ஆனாலும் தன் பெயரைப் படிக்கத் தெரியும். தேவிகா சீட்டைப் பார்த்தபடி அவர் பெயரை அடித்தாள், ஆங்கிலத்துக்கு மாறினாள், எண்டரைத் தட்டினாள், அடுத்த படகின் எண்ணை அடித்தாள்.

"ஐயையோ! வந்துச்சும்மா! நீ ரெண்டு விசையைச் சேத்து அமுக்குன, போயிடுச்சு!"

தேவிகாவின் கை அப்படியே நின்றது. கண்ட்ரோல் விசையும் 'எல்' விசையும். தமிழ் அடிக்கிற மென்பொருளில், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, தன் கைக்கு வசதியாக அவளே வைத்துக்கொண்ட விசை. தமிழ் மென்பொருளை மூடினாள். வெறும் எடிட்டரில் ஒரு வரி அடித்து அதே விசையை அமுக்கினாள். வரி முழுசாகக் காணாமல் போயிற்று.

"அடப்பாவி!" என்றாள், யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே.

போன வாரம் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதும், சரிசெய்ய வந்தவர் எடிட்டரின் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் இந்த விசைக்கு வரியை வெட்டு என்று அர்த்தம். தமிழ் மென்பொருள் மொழியை மாற்றிவிட்டு, விசையை எடிட்டருக்கும் விட்டது. ஒரே அமுக்கலில் இரண்டு வேலை. படகு எண்ணுக்குப் பிறகு எண்டரைத் தட்டிவிட்டுத்தான் தமிழுக்கு மாறுவாள். அங்கே வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. கடைசிப் பெயருக்குப் பிறகோ, மாறிவிட்டுத்தான் எண்டர். திரையைப் பார்த்திருந்தால் முதல் படகிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

வேறு விசை வேண்டும். கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் வைத்தாள். எடிட்டர் பாதிச் சொல்லிலேயே ஏதோ பட்டியலை நீட்டியது. எஃப் பத்து மெனுவுக்குப் போயிற்று. விடுவாளா? ஒவ்வொரு விசையாக, தமிழ் மென்பொருளை மூடி ஒரு தடவை, திறந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். எஃப் எட்டை யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. அதை வைத்தாள். முப்பத்தேழு பெயரையும் திரையைப் பார்த்து, தட்டுத்தடுமாறி அடித்தாள். அச்சு முடியும்போது மணி நாலே முக்கால்.

ஆனந்தராஜ் பட்டியலைச் சரிபார்த்தார். "என்னம்மா, வைரஸா?"

ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். வாசலில் நின்ற சமையல்காரர்களும் நம்பியிருப்பார்கள். தேவிகாவுக்குப் பயமாகத்தான் இருந்தது.

"இல்ல சார். அந்த விசையை வச்சது நான்தான். பாக்காம அடிச்சதும் நான்தான். காலையில அண்ணன்கிட்ட சீட்டு மேல பழியைப் போட்டேன். தப்பு என்னோடது."

ஆனந்தராஜ் நோட்டின் மேல் கையை வைத்தார்.

"சார்" என்றார் அரசப்பன். "அந்த நோட்டுலயும் எம்பேரு ரெண்டு தடவை விட்டுப்போயிருக்கு. ரெண்டு தடவையும் நான் கரையிலதான் நின்னேன். நான்தான் விட்டேன்னு ஒருத்தரும் வந்து சொல்லல. இந்தப் பொண்ணு சொல்லுது. பெட்டியே இருக்கட்டும்."

அந்த நோட்டை எழுதியவர் ஆனந்தராஜ். அவர் அதை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.