ஃபீனிக்ஸ் பே மைக்குக்காரர்

போர்ட் பிளேரில் முத்துராஜின் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம். குரலைத் தெரியாதவர்கள் யாருமில்லை. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், இருபத்தெட்டு வருடமாக மைக் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கப்பல் எப்போது கிளம்பும், எது கிளம்பாது என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான். முதலில் இந்தி, அப்புறம் தமிழ். தமிழில் சொல்லும்படி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது. எத்தனையோ அதிகாரிகள் மாறினார்கள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

அந்தக் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கப்பல் வந்துவிட்டது என்பதையும், ஐந்து நாளைக்குக் கப்பலே இல்லை என்பதையும் ஒரே மாதிரிதான் சொல்வார். கேட்டால், "நான் பதறுனா ஜனங்க ஓடும். ஓடுனா கப்பல் ஏணியில எவனாச்சும் விழுவான்" என்பார்.

சுனாமிக்கு அடுத்த வாரம் நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவிலிருந்து ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, தப்பி வந்தவர்களின் பெயர்களை வாசித்தவரும் அவரே. கச்சால் ரப்பர் தோட்டத்தில்தான் அவருடைய தம்பி வேலை பார்த்தான். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்த அவர்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் பிழைப்புக் கொடுத்த இடம் அது. மூன்றாம் நாள் பட்டியலில் தம்பியின் பெயர் வந்தது. அதே குரலில் வாசித்தார். அடுத்த பெயரையும் வாசித்தார். கீழே நிற்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுப் பெயர்தானே பெரிது? மிச்சமிருந்த நாற்பது பெயரையும் முடித்து, மைக்கை அணைத்த பிறகுதான் எழுந்து தம்பியைத் தேடி ஓடினார்.

இப்படிப்பட்ட மனிதரின் குரலில் உயிரில்லை என்று சென்னையில் ஒருவர் எழுதிவிட்டார்.

வினை வந்தது ஒரு சினிமாவால். பாலகுமார் என்றொரு நடிகர். இருபது வருடமாகத் தமிழ்ப் படங்களில் அடிவாங்கியே பிழைத்தவர்; கதாநாயகன் யாராக இருந்தாலும் முதல் அறை அவர் கன்னத்தில்தான் விழும். ஏதோ படப்பிடிப்புக்கு அந்தமான் வந்தவர், புயலில் கப்பல் நின்றுபோய் ஜெட்டியில் ஐந்து நாள் மாட்டிக்கொண்டார். வேறொருவராக இருந்தால் வானத்தைத் திட்டியிருப்பார். இவர் ஒரு கதையோடு ஊர் போய், மறு வருடமே காமிராவோடு திரும்பி வந்தார். அவரே நடித்து, அவரே இயக்கிய முதல் படம் அது. கப்பலுக்குக் காத்திருக்கும் ஒருவன், பக்கத்து நாற்காலிக்காரர்கள், அவ்வளவுதான் கதை. பாட்டில்லை, சண்டையில்லை. படத்தின் முடிவில், ஐந்தாம் நாள் காலையில் கப்பல் அறிவிப்பு வரும். அதை முத்துராஜையே பேசச் சொன்னார்.

"நடிக்கணுமா சார்?" என்று கேட்டார் முத்துராஜ்.

"நடிக்கவே கூடாதுண்ணே" என்றார் பாலகுமார்.

மெயின்லேண்டில், அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியாவில், ஒரு திரைப்பட விழாவில் படம் ஓடியது. அடிவாங்கிய முகம் சும்மா உட்கார்ந்திருப்பதே இவ்வளவு அழகா என்று பத்திரிகைகள் வியந்தன. விமர்சகர் திருநாவுக்கரசு மகா கறார். அவர் வாயால் நல்ல படம் என்று வாங்குவது குதிரைக்கொம்பு. அவரே நான்கு பத்தி புகழ்ந்துவிட்டு, ஐந்தாவது பத்தியில் ஊசியைச் செருகினார்: "படத்தின் உச்சத்தில் வரும் அறிவிப்புக் குரல் உயிரற்றது. தேர்ந்த கலைஞர் ஒருவரைப் பேச வைத்திருக்கலாம்." படத்தை வாங்க வந்த கம்பெனி அந்த ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டது. குரலை மாற்றினால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும் என்றது.

சேதி கேட்டு முத்துராஜே போன் செய்தார். "மாத்திருங்க சார். என்னால உங்க படம் கெட வேணாம்." அதையும் அதே குரலில்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவர் செய்த ஒரே வேலை அது, அதுதான் சரியில்லை என்றாகிவிட்டது. மறுநாள் மைக்கில் கொஞ்சம் உயிர் சேர்த்துப் பேசிப் பார்த்தார். டிக்கெட் கவுன்டர்க்காரர் பதறிப்போய் ஓடிவந்து, "க்யா ஹுவா பாய், உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"எழுதுன அந்த ஆளு பாகலா, பைத்தியமா?" என்று பொரிந்தாள் மனைவி ராணி. "ஒரு நாளு ஹட்பே தீவுக்குப் போற கப்பலுக்கு லைன்ல நின்னுருப்பானா அவன்? வந்து நிக்கச் சொல்லுங்க, தெரியும்!"

அவள் சொன்னது யார் காதில் விழுந்ததோ, ஆள் வந்தே விட்டார். முடிவெடுப்பதற்கு முன் படத்தைத் தீவுக்காரர்களுக்குக் காட்ட நினைத்த பாலகுமார், திருநாவுக்கரசையும் அழைத்திருந்தார். அவர் மூன்று நாள் முன்னதாகவே வந்து, தினமும் விடிகாலையில் படகேறித் தீவு தீவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, குட்வில் எஸ்டேட் பக்கத்தில் ஒரு ஹால். முந்நூறு பேர். பெரார்கஞ்ச் கிராமத்திலிருந்து வந்தவர்கள் படத்தோடு கடைத்தெருவையும் முடித்துவிடலாம் என்று பையும் மூட்டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். முத்துராஜ் வராமலே இருந்திருப்பார்; ராணி விடவில்லை. தன் குரல் வருவதற்குள் நழுவிவிடலாம் என்று கதவோரம் உட்கார்ந்தார். நழுவ மறந்து படத்தில் மூழ்கிவிட்டார்.

கடைசிக் காட்சி. திரையில் ஜெட்டியின் நாற்காலிகள், தூங்கி வழியும் முகங்கள். மைக்கில் இரண்டு தட்டு. பிறகு அந்தக் குரல்: "ஹட்பே ஜானேவாலே யாத்ரி த்யான் தீஜியே. ஹட்பே போற பயணிகள் கவனிங்க. கப்பல் ரெடி. டிக்கெட்டக் கையில வச்சுக்கிட்டு வரிசையா வாங்க."

ஹாலில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்!

சிரிக்கக் கூடாது. பங்க் டிக்கெட்டில், அதாவது கப்பலின் அடுக்குப் படுக்கை வகுப்பில், பிந்தி ஏறினவனுக்குக் கக்கூஸ் பக்கத்துப் படுக்கைதான் வாய்க்கும். இந்தக் குரல் கேட்டால் தீவுக்காரனுக்குக் கால்தான் முதலில் எழும்பும், புத்தி அப்புறம் வரும். பெரார்கஞ்சுக்காரி ஒருத்தி மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சலோ சலோ, எந்திரிங்க" என்று புருஷனை இழுத்தாள். அவர்களைப் பார்த்து மிச்சப் பேரும் எழுந்தார்கள். கூட்டம் கதவுப் பக்கம் நெருக்கியது, ஒரு குழந்தை வீரிட்டது. மூன்றாவது வரிசையில் தோள்பையை மாட்டியபடி நின்றவர் திருநாவுக்கரசு. மூன்று நாளாக அவரையும் படகுக்கு ஓட வைத்தது இந்தக் குரல்தானே!

முத்துராஜ் யோசிக்கவேயில்லை. கதவோரம் எழுந்து நின்றார்.

"பைட் ஜாயியே. எல்லாரும் உக்காருங்க. கப்பல் எதுவும் இல்ல. இது படம்."

மைக் இல்லை, அதட்டல் இல்லை. முந்நூறு பேரும் உட்கார்ந்தார்கள். திருநாவுக்கரசும் பையோடு உட்கார்ந்தார். ஒரு கணம் கழித்துத்தான் நடந்தது என்னவென்று உறைத்தது. சிரிப்பும் கைத்தட்டலும் விசிலும் கூரையைத் தூக்கின. எல்லோரும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முத்துராஜைப் பார்த்தே தட்டினார்கள். முடிவை யாரும் பார்க்காததால் இன்னொரு தடவை போட வேண்டியதாயிற்று. ராணி அழுதுகொண்டே சிரித்தாள். முத்துராஜுக்கு மனசு நிறைந்து தளும்பியது.

வாசலில் திருநாவுக்கரசு வந்து கும்பிட்டார். "ஐயா, இருபத்தஞ்சு வருஷமா படம் பாக்கறேன். எந்த நடிகர் பேசியும் நான் எழுந்ததில்ல. எழுப்பினதும் நீங்க, உட்கார வச்சதும் நீங்க. நான் எழுதினது தப்பு."

"அப்ப அத அழிப்பீங்களா?" என்றாள் ராணி, விடாமல்.

"அழிக்க மாட்டேம்மா. அதுக்குக் கீழயே இதையும் எழுதுவேன். ரெண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்."

பாலகுமார் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டார். ஆனால் அடிவாங்கிப் பழகிய உடம்பாயிற்றே; மறுமுனையில் குரல் கேட்டதும், "சார்... அது வந்து சார்... அந்தக் குரல் விஷயமா..." என்று இழுத்தார். முத்துராஜ் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"கவனிங்க. குரல் மாத்துறது ரத்து. படத்துல இருக்கிற குரலே இருக்கும். வேற மாற்றம் எதுவும் இல்ல."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று கம்பெனிக்காரருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "சரிங்க சார்" என்றுவிட்டார்.