மூன்றாவதா ஐந்தாவதா

எங்கள் மாமாவுக்கு உலகத்தில் இரண்டே பேரைத்தான் பிடிக்கும் என்று ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவர், எந்த நாட்டிலோ இருந்துகொண்டு ஜாஸ் வாசிக்கும் ஒரு சாக்சபோன்காரர். இன்னொருத்தி நான். சாக்சபோன்காரர் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அவர் கடலூர் பக்கம் வரப்போவதில்லை. என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் மாமாவின் சிநேகிதர். அவருக்கு ஊர் சிதம்பரம், பஸ் ஏறினால் வந்துவிடலாம்.

அப்பா அப்போது குவைத்தில் இருந்தார். அம்மாவும் நானும் மஞ்சக்குப்பத்தில், அம்மாவின் தம்பியான இந்த மாமாவோடு இருந்தோம். மாமாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் மாடியறையில் பாய் விரித்து சிடியைப் போடுவார். நான் பக்கத்தில் உட்காருவேன். மாமா தலையாட்டினால் நானும் ஆட்டுவேன், அவர் கண்ணை மூடினால் நானும் மூடுவேன். சாக்சபோன் என்றால் கல்யாண ரிசப்ஷனில் வாசிப்பது என்றுதான் எங்கள் தெருவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டார், யாருக்கு விசேஷம் என்று அம்மாவைக் கேட்பார்கள். அம்மாவோ, பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று மாமாவைக் கேட்பார்.

மாமாவும் சிநேகிதரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். ஹாஸ்டலில் யாரோ போட்ட கேசட் ஒன்றைக் கேட்டதிலிருந்து இருவருக்கும் இந்தப் பித்து. அந்தச் சாக்சபோன்காரரின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள். அவர் இவர்களுக்கு ‘நம்மாளு’. நம்மாளு சாப்பிட்டாரா தூங்கினாரா என்று விசாரிக்காத குறைதான். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நம்மாளு போட்டதிலேயே உசத்தி மூன்றாவது ஆல்பம்தான் என்பது மாமாவின் கட்சி. ஐந்தாவதுதான் என்பது சிநேகிதரின் கட்சி.

ஒரு ஞாயிறு அவர் இங்கே வருவார். அடுத்த ஞாயிறு மாமா என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போவார். மேல வீதி பக்கம் சிநேகிதருக்கு ஸ்பீக்கரும் ஸ்டெபிலைசரும் ரிப்பேர் செய்யும் கடை இருந்தது. யார் வீட்டுக்குப் போகிறோமோ அவர் கட்சி ஆல்பம்தான் ஓடும். சிடியை ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பதில்லை, ஸ்கிராட்ச் விழுந்துவிடுமாம். மாமா தன்னுடையதைப் பாண்டிச்சேரியில் ஒரு பிளாட்பாரக் கடையில் வாங்கியிருந்தார். சிநேகிதருக்கு அவர் தெருவிலிருந்த பிரவுசிங் சென்டரில் ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் கலர் ஜெராக்ஸ் அட்டைதான்.

இங்கே மூன்றாவது ஓடும்போது, வாலிப முறுக்கில் வித்தை காட்டியிருக்கிறார், வேறொன்றுமில்லை என்று சிநேகிதர் உதட்டைப் பிதுக்குவார். அங்கே ஐந்தாவது ஓடும்போது, வயசாகி மூச்சு குறைந்துபோய் வாசித்தது இது என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்புறம் பிடித்துக்கொள்ளும் சண்டை. மாமா எழுந்து நின்று கத்துவார். காது சிவந்துவிடும். டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும்.

அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னிடம் மாமா ஒரு நாளும் எழுந்து நின்று கத்தியதில்லை. நான் எதைச் சொன்னாலும் “அப்படியா குட்டி” என்பதோடு சரி. அவருக்காகத் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலித்தவள் நான். சதா குறை சொல்ல வருகிற மனிதருக்கு அந்தச் சிவந்த முகமும் பளபளக்கிற கண்ணும். அவரை மாமா என்று கூப்பிடச் சொல்லி அம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். எனக்கு ஒரே மாமாதான் என்று சொல்லிவிட்டேன். அவர் சிதம்பரத்திலிருந்து கத்தரிக்காய் கொத்சு கொண்டுவந்தால் அம்மா விரலை நக்கிச் சாப்பிடுவார். நான் உப்பு ஜாஸ்தி என்பேன்.

மூன்றாவது ஆல்பத்தில் எனக்குப் புரிந்த இடம் ஒன்றே ஒன்று. ஏதோ அரங்கத்தில் ஆட்களை வைத்து வாசித்துப் பதிந்தது அது. மெதுவாகப் போகும் ஒரு உருப்படியில், சாக்சபோன் ஓய்ந்து அறையே அமைதியாகும் நேரம் பார்த்து, கூட்டத்தில் ஒருவர் லொக்கு லொக்கென்று இருமிவிடுவார். அந்த இருமலுக்காகவே காத்திருப்பேன். அவரும் என்னைப் போல யாராலோ அங்கே கூட்டிவரப்பட்டவர் என்று தோன்றும்.

சிதம்பரத்தில் நான் கடைக்குள் உட்காருவதில்லை. அவருடைய ஐந்தாவதை யார் கேட்பது என்று வாசலில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து வீதியில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீதி இரைச்சலில் உள்ளே ஓடுவது காதில் விழாது. ஒரு ஞாயிறு நல்ல மழை. வேறு வழியில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். பெரிய ஸ்பீக்கரில் ஐந்தாவது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. சாக்சபோன் ஓய்ந்தது. அறை அமைதியானது. லொக்கு லொக்கு.

அதே ஆள், அதே இருமல். முன்னாலும் பின்னாலும் வந்ததைக் கவனித்துக் கேட்டேன். எல்லாமே எங்கள் வீட்டு மாடியில் கேட்டவைதான். பெயர் மட்டும் மாற்றி ஒட்டிய ஒரே ஆல்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வருஷக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அது மூன்றாவதா, ஐந்தாவதா, இரண்டுமே இல்லையா என்பது நம்மாளுக்குத்தான் வெளிச்சம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இனி சண்டை ஏது, சண்டை இல்லாவிட்டால் இந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் என்ன வேலை என்று துள்ளிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். செம்மங்குப்பம் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். அங்கேயே வேலை பார்க்கிற மாமா பொத்தவில்லை.

“தெரியும் குட்டி. அவன் மொத தடவ போட்டுக் காமிச்சப்பவே தெரியும்” என்றார். “ஒன்னோடத வுட இது எங்கயோ இருக்குது மச்சான்னு மூஞ்செல்லாம் சிரிப்பா நின்னான். என்னான்னு சொல்றது? நீயும் அவங்கிட்ட சொல்லிடாத. சொன்னா அதோட போச்சு.”

அதோடு போக வேண்டும் என்றுதானே நானும் பாடுபடுகிறேன்.

அடுத்த ஞாயிறு சிநேகிதர் வந்தார். மாமா வடை வாங்கிவரத் தெருமுனைக்குப் போன நேரம் பார்த்து அவர் முன்னால் போய் நின்றேன். இருமல் வரும் இடம் முதற்கொண்டு விளக்கமாகச் சொன்னேன். அவர் முகம் எப்படித் தொங்கிப்போகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. முகம் தொங்கவில்லை. அவர் அவசரமாக மாடிப்படியை எட்டிப் பார்த்தார்.

“மெதுவா பேசு பாப்பா. ஒங்க மாமாவுக்கு இது தெரியாது” என்றார். “எனக்கு இங்க வந்து கேட்ட அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. மூணாவது மூணாவதுன்னு உயிர வுடுறான், அவங்கிட்டப் போயி எப்பிடி சொல்ல முடியும்? நீயும் சொல்லிடாத, என்னா?”

அதற்குள் மாமா வடையோடு வந்துவிட்டார், சிடியைப் போட்டார். நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் வருவதற்குச் சற்று முன்னால், சட்னி எங்கே என்று மாமா கீழே பார்த்துச் சத்தமாகக் கேட்டார். அதே நொடியில் சிநேகிதர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவரைவிடச் சத்தமாகக் கேட்டார். இருமல் யார் காதிலும் விழவில்லை. பிறகு, இது வெறும் வித்தை மச்சான் என்று அவர் தொடங்கினார். மாமா எழுந்து நின்றார், காது சிவந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேர் சாயமும் வெளுத்திருக்கும். ஆனால் நான் ஒரு வடையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். சிநேகிதர் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போன பிறகு மாமாவின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றேன். உங்கள் மூன்றாவது ஆல்பம் சுத்த மோசம், எனக்குப் பிடிக்கவே இல்லை, வெறும் வித்தை என்று கத்தினேன். மாமா எழுந்து நிற்பார், காது சிவக்கும் என்று காத்திருந்தேன்.

மாமா என் தலையைத் தடவினார். “அப்படியா குட்டி. புடிக்கலன்னா வுடு, ஒனக்கு வேற போடலாம்” என்று சொல்லிச் சிடியைக் கழற்றி உறைக்குள் வைத்தார்.

நான் அழுத அழுகையில் அம்மா வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தார். பொய் சொல்வது பாவம் என்று ஞாயிறு வகுப்பில் படித்திருந்தேன். இரண்டு பெரிய மனிதர்கள் வாரா வாரம் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த வீட்டில் உண்மை பேசுகிறவள் நான் ஒருத்திதான். அப்படியிருக்க என்னிடம் மட்டும் ஏன் யாருமே சண்டைக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று அம்மாவின் மடியில் கிடந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன்.