திங்கட்கிழமை செத்துப்போகவிருந்த பச்சை அட்டை

என் மடத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். தொலைக்காட்சியில் அமைச்சர் ஒருவர் வாய் திறந்தால் அது சட்டமாகிவிடும் என்று நம்பியவன் நான். இத்தனை வருடம் பாரிஸில் இருந்த பிறகும் நம்பினேன்.

அது ஒரு வியாழக்கிழமை. நெடுநாள் நோயாளரின் முழு மருத்துவச் செலவையும் அரசு ஏற்கிற பட்டியலைத் திருத்த வேண்டும் என்று அமைச்சர் சொன்னார். அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்; என் பச்சை நிற மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பார்மசி மெசினில் போட்டால் காசில்லாமல் மருந்து கிடைக்கும். சீனி வருத்தம், நாளுக்கு நாலு தரம் இன்சுலின். ரூ காய் என்கிற தெருவில், நான் வேலைசெய்யும் மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தபோது புறநகரான பியர்ஃபித்திலிருந்து ஒரு நண்பரின் குரல்செய்தி வந்தது.

"அண்ணை, கேட்டனீங்களே? திங்கட்கிழமையில இருந்து சீனி வருத்தக்காரருக்கு மருந்து குடுக்கமாட்டினமாம். பச்சை அட்டையைப் போட்டால் மெசின் துப்பிப்போடுமாம். சொன்னவருக்கு பிறிஃபெக்சரில ஆள் இருக்கு."

பிறிஃபெக்சர் விசா கொடுக்கிற இடம், அதற்கும் இன்சுலினுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். யுத்த காலத்தில் ஊரில் ஐந்து மணிக்கு வானொலி ஊரடங்கு என்று சொன்னால் ஆறு மணிக்குத் தெருவில் நாய்கூட நிற்காது. இடையில் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் அரிசி, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாம் சேர்த்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தோடு பார்மசிக்கு ஓடினேன், அடுத்த மாத இன்சுலின் ஊசிப் பேனைகளை இப்போதே கேட்டு. அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, என் திகதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, இப்போது தர முடியாது என்றாள். அது எப்போதும் உள்ள விதிதான். எனக்கோ அது வேறு கணக்காகப் பட்டது. மெசின் நாலு நாள் முன்னதாகவே துப்பத் தொடங்கிவிட்டதே!

வீட்டில் பிரிட்ஜைத் திறந்தேன். கறிவேப்பிலைக்குப் பின்னால் மூன்று பேனைகள் கிடந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"இஞ்சேருங்கோ, ஏன் பிரிட்ஜைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்கிறியள்? அதுக்குள்ள நாடகம் ஓடுதே?" என்றாள் மனைவி.

"தயிர் தேடுறன்."

"தயிர் உங்கட கையில கிடக்கு."

அவளிடம் சொல்லவில்லை. அன்றே மருந்தைப் பாதியாக்கினேன். மத்தியான ஊசியை அடியோடு விட்டேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சீனி வருத்தத்தால் ஒரு கால் எடுத்த மனிதர் இருக்கிறார். அவருடைய சக்கர நாற்காலிச் சத்தம் கேட்டாலே என் பாதம் குளிர்ந்தது. காலையில் சப்பாத்துப் போடுமுன் கால்விரல்களை எண்ணினேன். ஒருநாள் ஒன்பது வந்தது, மறுநாள் பதினொன்று. கண் மங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடித்துத் தீரவில்லை. இரண்டுக்கும் காரணம் பயம்தான் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, முருங்கைக்காய் வாங்க ஒரு புதுச்சேரி ஐயா கடைக்கு வந்தார். மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்.

"என்னங்க, மூஞ்சி கருவாடு மாதிரி காஞ்சிருக்கு?"

விசயத்தைச் சொன்னேன். முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட, அமைச்சர் அவரு ஆசையைச் சொன்னாருங்க! மசோதாவே இன்னும் எழுதி முடியல. எழுதினப்புறம் அசெம்ப்ளேல, அதான் கீழ்சபையில, அடிச்சுக்குவாங்க, அப்புறம் மேல்சபை செனாவுல, திரும்பவும் அசெம்ப்ளே. ஓட்டு விழுந்தாலும் ஆணை வரணும், அரசிதழ்ல அச்சாகணும், எந்தத் தேதியிலேர்ந்துன்னு அதுல போட்டிருக்கணும். அத்தனை வருஷம் அந்த ஜன்னல்ல உக்காந்தேன், வியாழக்கிழமை பேசி திங்கக்கிழமை மொளைச்ச சட்டத்தை நான் பாத்ததே இல்ல."

"அப்ப என்ர அட்டை?"

"உயிரோடதான் இருக்கு. நீங்கதான்…" அவர் சிரிப்பை நிறுத்தினார். "மருந்தைக் குறைச்சீங்களா?"

ஒரு பகிடி விட்டுச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பகிடிக்குப் பதில் வாந்தி வந்தது. இரண்டு ஐயாமார் என்னை வெங்காய மூட்டையில் இருத்தியது நினைவிருக்கிறது. உண்மையில் அங்கே நின்றவர் ஒருவர்தான். அம்புலன்சைக் கூப்பிட்டதும் அவர்தான்.

ஆஸ்பத்திரியில் அட்டையைக் கேட்டார்கள். கொடுக்கப் பயந்து இறுக்கிப் பிடித்தேன், என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் தாதி அதை எடுத்தாள். மெசின் துப்பவில்லை. ஐந்து நாள் இருந்தேன். "தயிர் தேடினவர் இவர்தான்" என்று பார்க்க வந்த எல்லாருக்கும் மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தத் திருத்தம் அசெம்ப்ளேயில் பல கிழமை இழுபட்டது. பிறகு வாக்கெடுப்புக்கு முன்பே நோயாளர் பட்டியலைத் தொட்ட பிரிவை எடுத்துவிட்டார்கள். அதற்கெல்லாம் வெகு முன்பே, என் திகதி வந்த அன்று பார்மசியில் அட்டையைக் கொடுத்தேன். வழமையான பேனைகளைத் தந்தார்கள்.