தாய்மாமன் பெயருக்குக் கீழே ஒரு வரி

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடினால் பின்வரிசையில் போய் நிற்கிற சுபாவம். விஞ்ஞானிகளை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்று எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பயிர் நோய்களை ஆராய்கிறவன். என் மகளின் கல்யாணத்துக்கு முந்தைய வருடம், உலகத்தின் முன்னணி விஞ்ஞானிகள் பட்டியலில் அவன் பெயர் வந்தது. கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருமுனையில் பேனர் கட்டினார்கள். மாப்பிள்ளை வீடு களமருதூர். சம்மந்திக்கு இதில் ஏகப் பெருமை. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குக் கீழே 'உலகின் முன்னணி விஞ்ஞானி' என்று போட்டே ஆக வேண்டும் என்றார். அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்ததும் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

உடனே போன் செய்தான். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னான். இந்த வருடப் பட்டியல் வந்துவிட்டதாம். அதில் அவன் பெயர் இல்லை.

என்ன தப்புச் செய்தாய் என்று பதறினேன். பொறுமையாகச் சொன்னான். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை குறிப்பிடுகிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அதை வைத்துத்தான் வரிசை. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் வருடக்கணக்கில் அலைந்து, மரவள்ளியின் தேமல் நோயைப் பற்றி அவன் எழுதியதை யாரும் அவ்வளவாகக் குறிப்பிடவில்லை. அடுத்தவர்கள் ஆராய்ந்ததைத் தொகுத்து, பலரோடு சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரைதான் அவனை மேலே கொண்டுபோனது. போதாததற்கு, தெரிந்தவர்கள் சிலர் ஒருவர் கட்டுரையை ஒருவர் குறிப்பிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். இவனும் அதில் இருந்தான். இப்போது ஒதுங்கிக்கொண்டான். எண்ணிக்கை குறைந்தது, பட்டியலில் பெயரும் போயிற்று.

எனக்குப் புரிந்த விதத்தில் கேட்டேன். "கல்யாணப் பத்திரிகை மாதிரியாடா? அவங்க பத்திரிகைல நம்ம பேரு வந்தா, நம்ம பத்திரிகைல அவங்க பேர போட்டே ஆவணும்?"

"அதேதாங்க்கா," என்று சிரித்தான். "யாரு பந்தல் போட்டாங்க, யாரு சமைச்சாங்கன்னு அதுல வராது பாரு." பிறகு குரல் இறங்கியது. "கல்யாணத்துக்கு எங்க காலேஜ்ல இருந்து வருவாங்கக்கா. அந்த வரிய பாத்தா நான் அவங்க எதிர்ல எப்படி நிக்கிறது?"

என் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். சம்மந்தியிடம் நான்தான் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் மரியாதை இல்லை என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கூட்டி வைத்தேன். களத்தில் அவர் காலால் நெல்லைத் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்றார். கொஞ்சம் யோசித்ததும் முகம் தெளிந்தது. "போன வருஷம் இருந்தாரு இல்ல? 'முன்னாள்'னு போட்டுக்கலாம்மா. கவுன்சிலருங்க போட்டுக்கறது இல்லையா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு வேண்டாம் என்றேன்.

"பேருக்குக் கீழ மொட்டையா வுட்டா எங்க பங்காளிங்க இன்னா சொல்லுவானுங்க? பொண்ணு வூட்டுல நல்லா அளந்து வுட்டாங்கன்னு சொல்ல மாட்டானுங்களா?"

சொல்லத்தான் செய்வார்கள். மகள் போய் வாழப்போகிற வீடு. அதையும் நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

"சொல்லட்டும் சம்மந்தி. அவன் என் பொண்ணுக்குத் தாய்மாமன். அதுக்குக் கீழ ஒண்ணும் வாணாங்க," என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நெல்லைப் பார்த்துத்தான் சொன்னேன்.

உங்கள் வீட்டு ஆள், உங்கள் இஷ்டம் என்று முணுமுணுத்தார். மோர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். பஸ் நிறுத்தம் வரை அவர் கூட வரவில்லை.

மறுநாள் காலை அச்சகத்தில் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு ப்ரூஃபைக் கொடுத்தேன். கரண்ட் இல்லாததால் பத்திரிகை சாயங்காலம்தான் கைக்கு வந்தது.