ரோடு தெரியாத ரேஸ்

இப்போதெல்லாம் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவது பெரிய காரியமே இல்லை. ஒரு தடவை அழுத்தினால் இறங்குகிறது, இன்னொரு தடவை அழுத்தினால் ஓடுகிறது. என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அதிலும் குறை கண்டுபிடிக்கிறார்கள். நிழல் சரியாக விழவில்லை, தண்ணீர் தண்ணீர் மாதிரி இல்லை என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ரோடே இல்லாமல் கார் ரேஸ் ஓட்டி ஜெயித்தவள் நான் என்று சொன்னால் நம்பவா போகிறார்கள்?

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் கம்ப்யூட்டர். அறைக்குக் கதவு கிடையாது, பூப்போட்ட திரை ஒன்றுதான். அக்கா இன்ஜினீயரிங் சேர்ந்தபோது அவள் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஆனால் அதன் முன்னால் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது யார் என்று நாற்காலியைக் கேட்டால் என் பெயரைத்தான் சொல்லும்.

காரணம் ஒரு கார் ரேஸ் கேம். அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அத்தை மகன். சென்னையில் இருந்தான், என் வகுப்புதான், என்னைவிடச் சில மாதம் பெரியவன். திருவண்ணாமலையில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குக் கார்த்திகை மாதத்தில் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. மொட்டை மாடியிலிருந்து மலை தெரிந்தால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு தீபத்துக்கு வந்தபோதுதான் கேமை சிடியில் கொண்டுவந்து போட்டுக் கொடுத்தான். போட்டுக் கொடுத்த கையோடு என்னைத் தோற்கடித்தான். அடுத்த வருடமும் தோற்கடித்தான். போகும்போது, "பிரேக்க எதுக்கு இவ்ளோ புடிக்கற? பஸ்ஸா ஓட்டற?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்தக் கேள்வி ஒரு வருடம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தீபத்துக்கு அவன் வரட்டும் என்று காத்திருந்தேன். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் பையை வீசிவிட்டுப் பயிற்சி. நிச்சயம் ஜெயித்துவிடுவேன் என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அக்கா செங்கம் ரோட்டில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் ஏதோ பிரிண்ட் எடுக்கப் போனாள். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களிலிருந்து உள்ளூர்க் காலேஜ் பிள்ளைகள் வரை எல்லோரும் வந்துபோகிற இடம். அவள் பென்டிரைவில் உலகத்து வைரஸ் எல்லாம் ஏறிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறங்கியது. அவளுடைய ஃபைல் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. அழுது தீர்த்துவிட்டு, வகுப்புத் தோழி கொடுத்த சிடியால் எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவிட்டாள். நான் பள்ளியிலிருந்து வந்து பார்த்தபோது திரையே வேறு நிறத்தில் இருந்தது.

"என் கேம் எங்கக்கா?"

"போயிடுச்சு. இதுல அதெல்லாம் ஓடாது."

அப்பாவிடம் முறையிட்டேன். கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டது, இனி வைரஸ் வராது, இதற்கு யாருக்கும் காசு கொடுக்கவும் வேண்டாம் என்று அக்கா முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். அப்பா அவள் பக்கம் போய்விட்டார். லினக்ஸிலேயே விளையாட்டு இருக்கிறது என்று அக்கா எனக்கு ஒன்றைக் காட்டினாள். ஒரு பென்குயின் வயிற்றால் பனியில் சறுக்கிக்கொண்டே போய் மீன் பொறுக்கும். கார் ஓட்டியவளை மீன் பொறுக்கச் சொன்னது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. மூன்று தரம் சறுக்கிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஓடாது என்று அக்காதானே சொன்னாள், கம்ப்யூட்டர் சொல்லவில்லையே என்று எனக்குத் தோன்றியது. நெட்டில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேட ஆரம்பித்தேன். என்னைப் போலவே கேமைத் தொலைத்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். எல்லோரும் ஒரே பரிகாரத்தைத்தான் சொன்னார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது நல்ல சேதியை எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"அக்கா, ஒயின் போட்டா ஓடுமாம். நாளைக்குப் போட்டுக்கலாமா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஊரில் ஒயின்ஸ் என்றால் ஒன்றுதான், அது பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "யார்டி உனுக்கு இதெல்லாம் சொல்றது?" என்றாள்.

"நெட்ல போட்டிருக்காங்கமா. எல்லாரும் அதப் போட்டுத்தான் ஆடறாங்களாம்."

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. சிரித்து, இருமி, தண்ணீர் குடித்து, அது விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட வைக்கிற ஒரு புரோகிராமின் பெயர் என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. அப்பா நம்பினார் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் அந்தப் பெயரை வாயால் சொல்லாமல், "அந்தச் சமாச்சாரம் போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்.

போட்டது நான்தான். அக்காவுக்குப் பரீட்சை, பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். திரையில் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, நெட்டில் இருந்த வரிகளை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் அது கோபித்துக்கொண்டது. நானும் விடவில்லை. அத்தை மகன் விட்டுப்போன சிடியைப் போட்டு, பல நாள் மல்லாடி, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேம் திறந்தது. பாட்டு வந்தது. என் சிவப்புக் கார் வந்து நின்றது.

ரோடு மட்டும் வரவில்லை.

மேலே நீல வானம் இருந்தது. மரங்களும் விளக்குக் கம்பங்களும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே மை கொட்டிய மாதிரி ஒரே இருட்டு. அதன்மேல் மற்ற கார்கள் எல்லாம் ஒன்றும் நடக்காதது போல் சீறிக்கொண்டு போயின. நான் கிளம்பிய வேகத்தில் கண்ணுக்குத் தெரியாத எதன் மேலோ மோதிக் கவிழ்ந்தேன்.

வேறு யாராவது அதோடு எழுந்து போயிருப்பார்கள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மற்ற கார்களுக்கு ரோடு இருக்கிறது என்றால் எனக்கும் இருக்கத்தான் வேண்டும். விளக்குக் கம்பங்கள் எப்போதும் இடது ஓரத்தில் வருகின்றன என்று முதலில் கண்டுபிடித்தேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே தூரம் குறைந்தால் வளைவு வருகிறது என்று அர்த்தம். ஒற்றைப் பனைமரம் ஒன்று வரும், அதைத் தாண்டியதும் பாலம். அங்கே கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தாலும் ஆற்றுக்குள் போக வேண்டியதுதான். ஆறும் தெரியாது என்பது வேறு விஷயம். கார்த்திகை பிறப்பதற்குள், ரோடு தெரிந்த காலத்தில் ஓட்டியதைவிட வேகமாக ஓட்டினேன். பிரேக்கே பிடிக்கவில்லை.

அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "டிரைவர் இல்லடி. அதான் ரோடு வரல. இரு, போட்டுத் தரேன்."

"டிரைவர்தான் நான் இருக்கேனே."

அவள் சொன்ன டிரைவர், திரையில் படத்தைச் சரியாக வரவைக்கிற ஒரு புரோகிராம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதைப் போட்டால் ரோடு வந்துவிடும் என்று தெரிந்ததும், தீபம் முடிகிற வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். என் திட்டம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "பாவம்டி அவன்" என்றாள்.

அந்த வருடம் அத்தை தீபத்தன்று வராமல் சில நாள் முன்பே வந்துவிட்டாள். எப்போதும் ஒரு கைப்பையோடு வருகிறவள் இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினாள். மாமா வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். அத்தை மகன் ஆட்டோவிலிருந்து இறங்கி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். எப்போதும் வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடுகிறவன், அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான் பயிற்சி எடுத்த சேதி அவன் காதுக்கு எட்டிவிட்டது, பயந்துவிட்டான் என்று முடிவு செய்தேன். எனக்கு அதில் ஒரு பெருமைதான்.

தீபத்தன்று மத்தியானமே வீடு நிரம்பிவிட்டது. மற்றவர்கள் மாடியில் இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். அப்பா, பெரியப்பா, அத்தை மூன்று பேர் மட்டும் ஹாலில் இருந்தார்கள். நான் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆளுக்கு ஒரு முறை ஓட்டுவது, யாருக்கு நேரம் கம்மியோ அவர்களுக்கு வெற்றி. விருந்தாளி என்பதால் முதல் வாய்ப்பை அவனுக்கே பெருந்தன்மையாகக் கொடுத்தேன்.

அவன் திரையை மேலும் கீழும் பார்த்தான்.

"ரோடு எங்க?"

"இருக்கு. உனுக்குத் தெரியல, அவ்ளோதான்."

கிளம்பினான். முதல் வளைவிலேயே கவிழ்ந்தான். திருப்பி நிறுத்தி, மறுபடி கிளம்பி, பாலத்தில் விழுந்தான். எல்லாக் கார்களும் போய்ச் சேர்ந்த பிறகும் அவன் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். அப்புறம் நான் உட்கார்ந்தேன். கம்பம், கம்பம், பனைமரம், பாலம் என்று ஒரே மூச்சில் ஓட்டி முதலாவதாக வந்தேன். அவன் பக்கம் திரும்பி, "பஸ்ஸா ஓட்டினேன்?" என்று கேட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "இன்னொரு தடவ" என்றான். மறுபடியும் தோற்றான். "இன்னொரு தடவ." அதிலும் தோற்றான்.

ஹாலில் பெரியப்பாவின் குரல் உயர்ந்தது. ஒருதரம் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்றார் அவர். அப்பா முடியாது என்றார். அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூடினால் நிலம், கல்யாணம் என்று எதற்காவது குரல் உயரும். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சவுண்டு ஜாஸ்தி வையேன்" என்றான் அவன்.

வைத்தேன். எங்கள் ஸ்பீக்கர் கரகரவென்று கத்தியது. கம்மி பண்ணட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்படித்தான் நன்றாக இருக்கிறது என்றான்.

மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டாள், தீபம் ஏற்றப் போகிறார்கள் என்று. நீ போ, நான் இதை முடித்துவிட்டு வருகிறேன் என்றான். மலை உச்சியில் நெருப்பு எழுந்ததும் ஊரே ஒரே குரலில் அரோகரா போட்டது. நானும் போட்டேன். அவன் வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்ட கையோடு கீழே ஓடிவந்து பார்த்தேன். மற்ற கார்கள் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தன. அவன் மட்டும் விளக்குக் கம்பங்களை ஒட்டி, மாட்டு வண்டி வேகத்தில், கவிழாமல் போய்க்கொண்டிருந்தான்.

"ரேஸ் முடிஞ்சிடுச்சுடா."

"தெரியும். சும்மா போய்க்கினு இருக்கேன்."

அத்தை அதற்குப் பிறகு சென்னைக்குத் திரும்பவே இல்லை. அரையாண்டு விடுமுறை முடிந்ததும் என் பள்ளியில், என் வகுப்பிலேயே அவனைச் சேர்த்தார்கள். அத்தை மாமாவை விட்டு வந்துவிட்டாள் என்பதையும், அந்தத் தீபத்தன்று ஹாலில் பேசியது அதைத்தான் என்பதையும் நான் சேர்த்துப் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குக் காரணம் தெரியும் என்றே நினைத்திருந்ததால் நானும் யாரையும் கேட்கவில்லை.

முதல் நாள் இடைவேளையில் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். சென்னையை விட்டுட்டு நடு வருஷத்துல எதுக்குடா இங்க வந்த, உங்க அப்பாவுக்கு இங்க மாத்தலா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவன் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் முன்னால் போய் நின்று சொன்னேன்.

"எங்கிட்ட ரேஸ்ல தோத்துட்டான். திருப்பி ஜெயிக்கற வரைக்கும் இந்த ஊர்லதான் இருப்பான்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அப்படியா என்று ஒருத்தன் கேட்டான். அவன் என் பக்கம் திரும்பினான்.

"ஆமா" என்றான். "ரொம்ப நல்லா ஓட்டறா."

வகுப்பு முழுவதற்கும் முன்னால் தோல்வியை ஒப்புக்கொண்டானே என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் வெற்றியை ஒருவன் அவ்வளவு நன்றியோடு ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.