பதினோரு முறை பார்த்த குப்பை

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரே ஆண்டுக்குள், ஒரே படத்தைப் பதினோரு முறை பார்த்தேன். ஒருமுறைகூட விரும்பிப் பார்க்கவில்லை.

கல்கத்தா லேக் கார்டன்ஸில் அப்போது எங்களுக்கு மூன்றாவது மாடி. எட்டு வயது மகள் வங்காளியில் சண்டை போடுவாள், தூக்கத்தில் வங்காளியில் உளறுவாள். தமிழ் புரியும், வாயில் வராது. குழந்தையில்லாத என் அக்கா திருச்சியிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வாள். ரிசீவரை மகள் காதில் வைத்தால் ஒரு "ம்", அவ்வளவுதான். துர்கா பூஜை விடுமுறைக்கு வருவதாக இருந்த அக்கா கேட்டாள்: "வந்து யாரோட பேசறது, உன் வீட்டுச் சுவத்தோடயாடா?"

லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்கும் கடையில், அப்பளக் கட்டுகளுக்குப் பின்னால் வீடியோ கேசட்டுகள் இருக்கும். சென்னை ரயிலில் வந்திறங்கும் புதுப்படங்கள். எங்கள் தமிழ்க் கூட்டத்தில் பாதிப் பேர் பிள்ளைகளுக்குத் தமிழ் புகட்டியது அவற்றைக் கொண்டுதான். "குடும்பப் படம் சார். நாலு தடவ போட்டுக் காட்டுங்க, தானா ஒட்டிக்கும்" என்றார் கடைக்காரர், பொடியை எடை போட்டபடியே ஒரு கேசட்டை என் பக்கம் தள்ளி.

என்ன குடும்பம் அது! கதாநாயகன் அறைகிறான், அறைபட்ட கன்னத்தைத் தடவிக்கொண்டே அவள் காதலிக்கத் தொடங்குகிறாள். இருமினால் சாவு, மழை வந்தால் பாட்டு. நடுவில் அவன் கல்கத்தாவுக்கு வருகிறான்: ஹௌரா பாலத்தில் ஏறுகிறான், இறங்கினால் மெரினா. எதிர்ப்படும் ஒரே வங்காளி ரசகுல்லாவை விழுங்கிவிட்டு விக்குகிறான். எதிர்வீட்டு வங்காளி அண்ணன் இதைப் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னலைச் சாத்தினேன்.

முதல் தடவை கோபம் வந்தது. நாலாவது தடவை, அணைந்த விளக்கு அடுத்த நொடியே எரிவதைக் கண்டுபிடித்தேன். ஏழாவது தடவை, கல்யாணக் கூட்டத்தின் ஓரத்தில் கொட்டாவி விடும் ஒருவரைக் கண்டேன். படத்தில் உண்மையாக நடித்தவர் அவர் ஒருவர்தான். உச்சக்காட்சியில் மருமகள் வாசலை மறித்து, "இந்த வாசப்படியத் தாண்டணும்னா என் பிணத்தத் தாண்டித்தான் போகணும், மாமா" என்பாள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள்.

அக்கா வந்தாள். தலை பின்னிவிட்டாள், பூஜைப் பந்தல் பந்தலாகக் கூட்டிப்போனாள். மகளிடமிருந்து பத்து நாளும் "ம்" மட்டும்தான். பதினோரு தடவை அந்தச் சேற்றில் முங்கியதற்கு ஓர் எழுத்து. கடைக்காரரையும் இயக்குநரையும் சேர்த்தே மனசுக்குள் திட்டினேன்.

கிளம்பும் நாள். கீழே டாக்சி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா பெட்டியைத் தூக்கியதும் மகள் ஓடிப்போய் வாசலில் கைகளை விரித்து நின்றாள்.

"இந்த வாசப்படியத் தாண்டணும்னா என் பிணத்தத் தாண்டித்தான் போகணும்." கொஞ்சம் நிறுத்தி, "அத்தை" என்றாள்.

அதே மட்டமான வசனம், அதே மூக்கு விடைப்பு. ஆனால் 'போகாதே' என்று சொல்ல அவளிடம் இருந்த தமிழ் அவ்வளவுதான். 'மாமா'வை 'அத்தை' ஆக்கியது மட்டும் அவள் சொந்தச் சரக்கு. அக்கா பெட்டியைக் கீழே வைத்தாள். "டாக்சிய அனுப்பிடுடா" என்றாள், என்னைப் பார்க்காமலே. டிக்கெட்டை மாற்றி இன்னும் ஒரு வாரம் இருந்தாள். அந்த வாரமெல்லாம் இருவரும் அந்தக் குப்பையைத்தான் போட்டுப் பார்த்தார்கள்.

வருடங்கள் கழித்து, மகள் கல்லூரியில் படிக்கும் காலத்தில், ஒரு மத்தியானம் கேபிளில் அதே படம். திருச்சியிலிருந்து உடனே போன். "நம்ம படம் ஓடுதுடி!" அத்தையும் மருமகளும் கதாநாயகனின் மீசையில் தொடங்கி, யார் யாரையோ பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். முழுக்கத் தமிழில். திரையில் மருமகள் வாசலை மறிக்க வந்துகொண்டிருந்தாள். அவர்கள் பேச்சுக்கு அவள் கூச்சல் இடைஞ்சல். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன்.