வெள்ளத்தாயின் தேங்காய் நிமிர்ந்த இடம்

ராஜபாளையம் வட்டாரத்தில் எலியேசர் துளை போடாத கரிசல் காடு குறைவு. துளை தண்ணீருக்கல்ல. காற்றாலைக் கோபுரம் நிற்கப்போகும் இடத்தில் மண் தாங்குமா என்று பார்ப்பது அவர் வேலை. முக்காலியில் தொங்கும் இரும்புச் சுத்தி விழுந்து விழுந்து குழாயை மண்ணுக்குள் அடிக்கும். குழாய் இறங்க அடம்பிடித்தால் நல்ல மண், சொன்னபடி கேட்டால் கெட்ட மண். மனிதர்களுக்கு நேர்மாறு என்று சொல்லிச் சிரிப்பார்.

இதை ஊரார் நம்பவே மாட்டார்கள். முக்காலி நட்டதுமே தண்ணிக்குப் போர் போடுகிறார்கள் என்று கூடிவிடுவார்கள். ஆலங்குளம் பக்கம் வெள்ளத்தாய் ஒருபடி மேலே போனாள். காற்றாலைக்குத் தன் காட்டில் இடம் கொடுத்தவளே அவள்தான். ஆனாலும் மஞ்சளும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இங்கன வேணாம். அந்தா, எங்க வீட்டுப் பக்கம் வேம்பு நிக்குல்ல, அதுக்கிட்டப் போடுங்க. நீரோட்டம் பாக்கயில உள்ளங்கைத் தேங்கா அங்கதான் நிமிந்துச்சு.”

“தாயி, நாங்க தண்ணி பாக்க வரல. மண்ணு பாக்க வந்திருக்கோம்.”

“ரெண்டுக்கும் குழி ஒண்ணுதான அண்ணாச்சி.”

எலியேசர் கிறிஸ்தவ வேதக்காரர், தேங்காய் நிமிர்வதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதுவரை போட்ட துளைகளெல்லாம் சுக்கான் பாறையில் முட்டி நின்றிருந்தன. கடைசித் துளைதான் பாக்கி. அதுவும் முட்டிவிட்டால் மண் உறுதி என்று சொல்லிவிடுவார், கான்கிரீட் விழுந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் அஸ்திவார வட்டத்துக்குள்தான் வரும். அவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று இன்ஜினியரிடம் போனில் கேட்டுக்கொண்டு முக்காலியை நகர்த்தினார்.

நாலைந்து அடியிலேயே குழாய் சரசரவென்று இறங்கியது. வெளியே எடுத்துப் பிரித்தால் ஓட்டுச் சில்லு, மக்கிய பனையோலை, கன்னங்கரேலென்ற சேறு. 

“தாயி, இது தூத்த கெணறு. ஒங்களுக்குத் தெரியாதா?”

“காட்ட வித்தவிய சொல்லலையே அண்ணாச்சி.”

கிணற்றைக் குப்பை கொட்டித் தூர்ப்பது பாவம் என்பதால் தூர்த்தவர்கள் வாயைத் திறப்பதில்லை. பாதி பாறையிலும் பாதி குப்பையிலும் உட்கார்ந்த கோபுரம் ஒருநாள் சாயத் தொடங்கும். சாய்ந்தால் வேம்பின் பக்கம்தான், வெள்ளத்தாயின் வீட்டு மேல்தான். முக்காலியை நகர்த்தாமல் இருந்திருந்தால் தன் வாயால்தானே அதை உறுதி என்று சொல்லியிருப்போம் என்று நினைத்தபடியே இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

கோபுரம் அதே காட்டில் மேற்கே தள்ளி, முழுப் பாறைமேல் எழுந்தது. வெள்ளத்தாய் கிணற்றைத் தோண்டினாள். ஆடுகளுக்குக் காணும் அளவு ஊறுகிறது. “அண்ணாச்சி பாத்துக் குடுத்த தண்ணி” என்றுதான் இன்றும் சொல்கிறாள். அவரும் மறுப்பதை விட்டுவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்குத் தங்கள் விளைச்சலைப் படைப்பார்கள். காடுகரை இல்லாத எலியேசர் அதிலிருந்து வருடாவருடம் ஒரு தேங்காய் வைப்பார். புதிதாக வந்த போதகர், எந்தத் தோப்புக் காய் என்று கேட்டார்.

“கடையில வாங்குனதுதான் ஐயா. ஆலங்குளத்துப் பக்கம் ஒரு வீடு இன்னும் நிக்குது. அதுக்கு நன்றி.”